ரெண்டு அடுப்பும் ஒரு இங்கிலீஷ் வார்த்தையும்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போதெல்லாம் கலங்கிப்போகிறது. அடுப்பில் பால் வைத்ததையே மறக்கிறவள் நான். எங்கள் வீட்டு வரிசையை இடிக்கப்போகிறார்கள், அதற்கு முன்னால் ஆளுக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள் என்று படிப்பகத்தில் கேட்டார்கள். மற்றவர்கள் கடலைப் பற்றியும் திருவிழாவைப் பற்றியும் நல்லபடியாக எழுதுகிறார்களாம். எனக்கு நல்லபடியாக எழுத ஒன்றும் இல்லை. ஒரு கோபம்தான் இருக்கிறது. அதை நாலு பேர் முன்னால் வாயால் சொல்லக் கூச்சம், அதனால் எழுதுகிறேன். பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தைத் திருத்தாதீர்கள்.

எங்கள் வரிசை காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில், கடலோரமாக இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல். முன்னால் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள், பகலெல்லாம் நகராமல் நிற்கும். கல்லுக்கும் லாரிக்கும் நடுவில் நாங்கள்.

இள வயதில் கூடை எடுத்துக்கொண்டு கல்மண்டபம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் மீன் விற்கப் போவேன். மீன்காரி என்றால் தொண்டை வேண்டும். எனக்கு அது வரவே இல்லை. கூவலாம் என்று வாயைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் வரும். ஏதாவது ஒரு வாசல் ஓரமாகக் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். வாசனையைப் பிடித்துக்கொண்டு வாடிக்கைக்காரர்களே வருவார்கள். "இன்னா மீன்காரம்மா, இன்னிக்கும் ஊமைக் கூடையா?" என்று கேலி பேசுவார்கள். முட்டி போனபிறகு வீட்டிலேயே கருவாடு காயப்போட்டு விற்கிறேன். வீட்டுக்காரர் போய் வெகுநாள் ஆகிறது.

எனக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை என்று திரும்பி வந்துவிட்டாள். பிள்ளை இல்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரிய துணிக்கடையில் புடவை எடுத்துக் காட்டுகிற வேலை. ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். வாங்க வந்தவர்கள் எதிரிலேயே மேனேஜர் சொல்லிவிட்டானாம், உன் மேல் மீன் நாற்றம் அடிக்கிறது, நீ குடோனுக்குப் போ என்று. வந்ததும் வராததுமாகப் பெட்டியில் இருந்த புடவையை எல்லாம் இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள்.

"யம்மா, இனிமே கருவாட்ட வூட்டுக்குள்ள வெக்காத."

"வூட்டுக்குள்ள வெக்காம? கலெக்டர் ஆபீஸ்லயா கொண்டுபோய் வெக்கறது?"

"என் துணி அல்லாம் நாறுது."

"இந்த நாத்தத்துலதான்டி நீ வளந்த. அப்ப ஒனக்கு மூக்கு இல்லியா?"

அடுத்த வாரமே பழைய மரச்சாமான் கடையிலிருந்து பிளைவுட் பலகை வாங்கிவந்து வீட்டை நடுவில் மறித்துவிட்டாள். பின்பக்கம் தனியாக வாசல் வைத்தாள். சின்ன சிலிண்டர் ஒன்று, ஒற்றை அடுப்பு ஒன்று. அவள் பக்கம் சோறு, ரசம், உருளைக்கிழங்கு. மீன் கிடையாது. என் பக்கம் நான்.

ஆனாலும் பெற்றவள் இல்லையா? சங்கரா மீனோ காணாங்கத்தையோ குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போய் அவள் வாசலில் மூடிவைத்துவிட்டு வந்துவிடுவேன். கூப்பிட மாட்டேன். சாயங்காலம் கிண்ணம் என் வாசலில் இருக்கும், லெமன் சோப்பு போட்டுக் கழுவி. அந்த சோப்பு வாசனைதான் எனக்கு ஆகாது. என் குழம்பின் சுவடே இல்லாமல் தேய்த்திருப்பாள். ஆனாலும் கிண்ணம் காலியாக வருகிறதே, அது போதும் என்று இருந்தேன். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் அவள் இருமினால் எனக்குக் கேட்கும். எனக்கு அதுவும் போதும்.

இப்படி இருக்கும்போதுதான் வரிசையை எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே அடுக்குமாடி கட்டித் தரப்போகிறோம் என்று ஆபீஸிலிருந்து வந்து சொன்னார்கள். ஒரே கூரைக்குக் கீழே ரெண்டு குடும்பமாக இருந்தால் விசாரித்துத் தனித்தனி வீடு தருவார்களாம். ஒரு அடுப்புக்கு ஒரு வீடு என்று கணக்கு.

மகள் அன்றைக்கு என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"யம்மா, ஒரே வூடுன்னு எழுதிட்டாங்கன்னா நான் வரமாட்டேன். சொல்லிட்டேன். செங்குன்றம் பக்கம் ரூம் எடுத்துக்கினு பூடுவேன். அந்த ஒத்த ரூம்ல உன் கருவாடும் என் யூனிபார்மும் ஒண்ணா இருக்காது. எனக்கு சூப்பர்வைசர் போஸ்ட்டு வர மாதிரி கீது. நாத்தத்தோட போய் நிக்க முடியாது."

அவள் மிரட்டவில்லை. அவள் சொன்னால் செய்கிறவள், புருஷனை விட்டு வந்ததே அப்படித்தான். ஒரே வீடு என்றால் மகள் போய்விடுவாள். எனக்கு வேண்டியது வீடு இல்லை, பலகைக்கு அந்தப் பக்கம் கேட்கிற இருமல். அதைக் காப்பாற்ற நான் ஆபீஸர் முன்னால் வாயைத் திறக்க வேண்டும்.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஆபீஸுக்குப் போவதாக இருந்தாலும் முதல்நாள் சாயங்காலம் குழாயடியில் ஒப்பித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ரேஷன் கார்டு, பென்ஷன், ஸ்டேஷன், எதுவானாலும் சரி. கேட்டுத் திருத்துகிறவள் காசிமேட்டில் மீன் ஏலம் போடுகிற அக்கா. என்னைவிட ரெண்டு மூணு வயது பெரியவள். அவள் தொண்டையைத் திறந்தால் விசைப்படகு இன்ஜினே அடங்கிவிடும். பேசத் தெரியாத நாங்கள் எல்லாரும் அவள் வாயை இரவல் வாங்கித்தான் இத்தனை காலம் ஆபீஸ் படி ஏறினோம்.

இந்த விசாரணைக்கும் அவள்தான் வாசகம் கட்டிக் கொடுத்தாள். "ஐயா வணக்கம். நான் இதே வரிசைல பொறந்து வளந்தவ. ஒரு கூரைக்குக் கீழ ரெண்டு குடும்பமா கீறோம். தனி வாசல், தனி அடுப்பு, தனிச் சமையல். ஐயா பாத்து மனசு வெக்கணும்." எல்லாருக்கும் இதேதான். மாமியார் மருமகள் பிரிந்த வீட்டுக்கும் இதே, அண்ணன் தம்பி பிரிந்த வீட்டுக்கும் இதே.

"எதுக்குப் பிரிஞ்சீங்கன்னு கேட்டா?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"அத்தயெல்லாம் அவன் கேக்கமாட்டான். நாறுதுன்னு பொண்ணு பிரிச்சிட்டான்னு அங்க போய் சொல்லிக்கினு நிக்காத, மானம் பூடும். நடுவுல நிறுத்தாத, அதான் முக்கியம். ஏலம் மாதிரி. மூச்சு வுட்ட, வெல எறங்கிடும். இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். குடம் நிரம்பி வழிகிற வரைக்கும் சொன்னேன். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் படித்த கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கேட்கிற டீச்சர் கையில் மரஸ்கேல் இருக்கும். எட்டு ஏழு என்று கேட்டுவிட்டு ஸ்கேலைத் தூக்குவார். யோசித்தால் கை முட்டியில் அடி விழும். "யோசிக்கிறியா? அப்ப தெரியலன்னு அர்த்தம்" என்பார். கடகடவென்று சொல்கிறவளுக்குத்தான் முன்வரிசை. நான் முன்வரிசை. சொந்தமாக ஒரு வார்த்தை பேச வராத எனக்கு, மனப்பாடம் செய்ததை மட்டும் மூச்சு விடாமல் சொல்ல வந்தது. வேகமாகச் சொன்னால் தெரிந்திருக்கிறது, நிறுத்தினால் தெரியவில்லை. எங்களை அடித்துச் சொல்லிக்கொடுத்தது அதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விசாரணை சமுதாயக் கூடத்தில். மகளுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும்தான் போனேன். மேடைக்குக் கீழே மேஜை போட்டு ஒரு ஆபீஸர், பக்கத்தில் எழுதிக்கொள்கிற ஒரு அம்மா. வரிசையாகக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் போனவள் சொன்னாள், ஐயா வணக்கம், நான் இதே வரிசைல பொறந்து வளந்தவ. அவளுக்கு முன்னால் போனவளும் அதேதான். ஆபீஸர் தலையே நிமிரவில்லை. என் முறை வந்தது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எதையும் சொன்னதில்லை. மனசு வெக்கணும் என்று முடித்துவிட்டு, முட்டியில் அடி விழவில்லை என்கிற மாதிரி ஒரு நிம்மதி.

ஆபீஸர் பேனாவை மூடினார். பக்கத்து அம்மாவிடம் சொன்னார்: "எல்லாம் ராட்டில் ஆஃப் பண்ணுதுங்க பாருங்க. யாரோ நல்லா சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்காங்க."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றது புரிந்தது. பண்ணுதுங்க என்றதும் புரிந்தது. நடுவில் இருந்த ரெண்டு வார்த்தைதான் புரியவில்லை. ஆனால் அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் அவர்கள் சிரித்தார்கள் என்று தெரிந்தது. சிரிப்புக்கு மொழி வேண்டுமா? "சார், நெஜமாத்தான்..." என்று ஆரம்பித்தேன். அது மனப்பாடத்தில் இல்லாத வார்த்தை, தொண்டையிலேயே நின்றுவிட்டது. "சரி போம்மா, அடுத்த ஆளு" என்றார்.

ஒரு வாரம் போல இருக்கும், சமுதாயக் கூடத்துச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் பேருக்கு எதிரே ஒரே வீடு என்று போட்டிருந்தது. ஒப்பித்த எல்லாருக்கும் அப்படித்தான். ஏலக்கார அக்கா சுவரைப் பார்த்து வாயில் வந்தபடி திட்டினாள். மகள் திட்டவில்லை. வேலை முடிந்து வந்து பார்த்தாள், வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் துடைத்து வாசலில் வைத்தாள். நான் கேட்டேன், "இன்னாத்துக்குப் பொட்டி?" அதோடு என்னிடம் பேச்சையே நிறுத்திவிட்டாள்.

குழம்புக் கிண்ணம் மட்டும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

சூப்பர்வைசர் வேலைக்கு இங்கிலீஷ் வேண்டும் என்று அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். போய்விட்டு வந்து பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். ரெண்டு சொல் சேர்ந்து வேறு அர்த்தம் தருமாம், அதை மூட்டை மூட்டையாகக் கொடுத்துவிடுவார்கள் போல. நான் என் பக்கம் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது: "கிவ் அப், விட்டுடறது. லுக் ஆஃப்டர், பாத்துக்கறது. புட் ஆஃப், தள்ளிப்போடறது. ராட்டில் ஆஃப், மனப்பாடம் பண்ணத கடகடன்னு ஒப்பிக்கறது. டர்ன் டவுன், வேணாம்னு சொல்றது..."

நெத்திலி கையிலிருந்து விழுந்துவிட்டது. பலகையைத் தட்டினேன்.

"இப்ப சொன்னியே, அத்த இன்னொரு வாட்டி சொல்லு."

புத்தகத்தை மூடுகிற சத்தம் கேட்டது. எங்களுக்குள் பேச்சு இல்லையே. பிறகு, "எது? டர்ன் டவுனா?"

"அதுக்கு முன்னாடி."

"ராட்டில் ஆஃப். ஒனக்கு எதுக்கு?"

"அந்த ஆபீஸரு என்னிய சொன்னது அத்ததான்."

சுற்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். எப்படிச் சொன்னார், யாரிடம் சொன்னார், அப்போது நான் என்ன செய்தேன் என்று எல்லாம் கேட்டாள். சொன்னேன். பண்ணுதுங்க என்றதையும் சொன்னேன், சிரித்ததையும் சொன்னேன்.

"பண்ணுதுங்களா? நாம இன்னா ஆடு மாடா?" என்றாள். அவள் மூக்கு விடைத்தது. அவள் அப்பாவுக்கும் அப்படித்தான் விடைக்கும். "ஒப்பிச்சாங்கன்னு மட்டும் சொன்னா பரவால்லமா. மனசுல இல்லாம வாயால மட்டும் கொட்டுனாங்கன்னு சொல்லிக்கீறான்."

"ராட்டில்னா தனியா இன்னா?"

போனில் பார்த்தாள். ஒரு படத்தைக் காட்டினாள். கைப்பிள்ளைக்கு ஆட்டுகிற கிலுகிலுப்பை.

எனக்கு வந்த கோபத்தை எந்த வார்த்தையில் எழுதுவது என்று தெரியவில்லை. கிலுகிலுப்பையா நான்? பிள்ளை பெற்று வளர்த்து, வெயிலில் கூடை சுமந்து, அறுபது தாண்டி நிற்கிறவளை யாரோ ஆட்டிவிட்டதால் சத்தம் போடுகிற பிளாஸ்டிக் சாமான் என்றார்களா? நாங்கள் மனப்பாடம் செய்தது பொய்யை இல்லை. தனி வாசல் இருந்தது. தனி அடுப்பு இருந்தது. உங்கள் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, அதனால் மனப்பாடம் செய்தோம். நாக்கு ஒட்டிக்கொள்கிற மாதிரி எங்களை உட்கார வைத்தது யார்? யோசித்தால் முட்டியில் அடித்தீர்கள். யோசிக்காமல் சொன்னால் பொய் என்கிறீர்கள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது முன்வரிசை, கிழவியானபோது சிரிப்பு. இதில் எந்த நாளில் நாங்கள் பேசியிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே பேசியிருப்பேன்.

பதவி ஏற்கிறவர்கள் எழுதிக்கொடுத்ததைத்தானே படிக்கிறார்கள்? கோயிலில் ஐயர் மூச்சு விடாமல் மந்திரம் சொல்கிறார், சர்ச்சில் ஜெபம் சொல்கிறார்கள். அவர்களை யாரும் ஆட்டிவிட்டதாகச் சொல்வதில்லையே. ஏழை மனப்பாடம் செய்தால் மட்டும் அதற்கு ஒரு தனி வார்த்தை.

மகள் மனு எழுதினாள். மறுவிசாரணை வேண்டும், இந்தத் தடவை நானும் வருகிறேன் என்று. பேசவும் ஆரம்பித்துவிட்டாள். கோபம் எங்களைக் கொஞ்சம் சேர்த்துவைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஏலக்கார அக்கா புதிதாக ஒரு வாசகம் கட்டிக்கொண்டு வந்தாள். "இந்த வாட்டி மெதுவா சொல்லு, நடுவுல ரெண்டு எடத்துல இருமு" என்றாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "வேணாங்கா. வாயில ஒண்ணும் இல்லாம போறேன்."

"வாயில ஒண்ணும் இல்லாம போனா காத்துதான் வரும்" என்று போய்விட்டாள்.

அதே கூடம், அதே ஆபீஸர், அதே அம்மா. மனுவைப் பார்த்துவிட்டு ஆபீஸர் கேட்டார்: "தனி அடுப்புன்னு எழுதியிருக்கீங்க. எதுக்குத் தனி அடுப்பு?"

எந்தக் கேள்வியைக் கேட்கமாட்டான் என்று அக்கா சொன்னாளோ அதே கேள்வி. நான் மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா. சண்டையா?"

"மீன் வாசனை சார்" என்றாள் மகள். "நான் துணிக்கடைல வேல செய்றேன். துணில ஏறுது. அதான் பிரிச்சிட்டேன்."

சொல்லிவிட்டாள். ஏலக்கார அக்காவோடு அவ்வளவு பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் சொல்லிவிட்டாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் காது சுட்டது.

எழுதுகிற அம்மா நிமிர்ந்தார். "ஏம்மா, பெத்தவங்க, பக்கத்துலயே இருக்காங்க. கொஞ்சமாவது குடுத்து வாங்கிக்க மாட்டீங்களா? குழம்பு கூடவா?"

"குடுப்பேன்மா" என்றேன் நான். எப்படியோ வாய் வந்துவிட்டது. "மீன் கொழம்பு வெச்சா ஒரு கிண்ணம் குடுப்பேன்."

ஆபீஸர் பேனாவை எடுத்தார். "அப்ப ஒரே சமையல்தானே? இதுல எங்க தனி?"

என் வாயாலேயே கெடுத்துவிட்டேனே என்று நான் நினைப்பதற்குள் மகள் பேசிவிட்டாள். ஒரே மூச்சு.

"அத நான் துன்றதே இல்ல சார். ஒரு நாள் கூட துன்னதில்ல. வாசல்ல வெச்சிட்டுப் போவாங்க, அவங்க தல மறைஞ்சதும் கல்லு மேட்டுப் பூனைக்குக் கொட்டிடுவேன், கிண்ணத்த சோப்பு போட்டுக் கழுவி வெச்சிடுவேன். என் வாய்ல மீன் பட்டு ரெண்டு வருசம் ஆச்சு."

பூனைக்கு.

அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்பது வரிசையாக ஞாபகம் இல்லை. கேட்டவர்கள் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். "பூனைக்கா? நான் முட்டி வலியோட காசிமேட்டுக்குப் போய் வாங்கியாந்த சங்கராவ பூனைக்கா கொட்டுன? வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா நான் வெப்பனாடி?" என்றேனாம். "அந்த லெமன் சோப்பு எதுக்குன்னு இப்பத்தான்டி தெரியுது!" என்றேனாம். அவளும் விடவில்லை. "நாறுதுன்னு சொன்னா நீ காதுல வாங்குனியா? ஊமைக் கூடைன்னு பேரு, வூட்டுக்குள்ள மட்டும் வாய்!" என்றாள். ஊமைக் கூடை என்றதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. வாழ்க்கையில் மீன் விற்கக் கூவாத தொண்டை அன்றைக்கு அந்தக் கூடத்தில் கூவியது. வெளியே லாரி டிரைவர்கள் ஜன்னலில் வந்து நின்று பார்த்தார்களாம்.

ஆபீஸர் மேஜையைத் தட்டினார். "போதும், போதும்மா. ரெண்டு அடுப்புதான். ஒத்துக்கிறேன். உட்காருங்க." எழுதுகிற அம்மாவிடம் திரும்பி, "தனிக் குடும்பம்னு போடுங்க. இது சொல்லிக்குடுத்து வர்றது இல்ல" என்றார்.

கட்டப்போகிற அடுக்குமாடியில் வீடு ஒதுக்கிவிட்டார்கள். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஒரே கட்டடம். அவள் மேல் மாடி, முட்டிக்காக எனக்குத் தரைத்தளம். சுவரில் புதிதாக ஒட்டியதை மகளே படித்துக் காட்டினாள். செங்குன்றம் பேச்சு நின்றுபோனது. பெட்டி உள்ளே போய்விட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள்.

எனக்குக் கோபம் குறையவில்லை. உண்மையை உண்மையாகச் சொன்னபோது நம்பவில்லை. எங்கள் மானத்தை அவர் மேஜை மேல் கொட்டிக் காட்டினபோது நம்பினார். வரிசைக் கடைசி வீட்டில் ஒரு மாமியாரும் மருமகளும் இருக்கிறார்கள். சண்டையே இல்லாமல் பிரிந்தவர்கள். மாமியாருக்குச் சர்க்கரை, உப்புக் கம்மி, அதனால் தனி அடுப்பு. அவர்களும் மறுவிசாரணைக்குப் போனார்கள். அமைதியாகச் சொன்னார்கள். ஒரே வீடுதான் வந்தது. அந்த மருமகள் குழாயடியில் என்னைக் கேட்டாள்: "நாங்களும் ரெண்டு அற அறைஞ்சிக்கினு இருந்தா குடுத்திருப்பாங்களாக்கா?" குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்கு ஒரு பதில் சொல்லச் சொல்லி அந்த ஆபீஸரைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வார்த்தை இப்போது என்னையும் பிடித்துக்கொண்டது. பூனை விஷயத்தை மகள் ஒரே மூச்சில் சொன்னாள் என்று எழுதினேன் அல்லவா? நிறுத்தவில்லை, யோசிக்கவில்லை, கடகடவென்று கொட்டினாள். பாயில் படுத்தால் அதுதான் காதில் ஓடுகிறது. நெஞ்சில் இருந்ததைச் சொன்னாளா, அல்லது வீடு கிடைக்க வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் கட்டிச் சொன்னாளா, அல்லது வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்தாளா? பெற்ற மகள் பேசினதை அந்த ஆபீஸர் மாதிரி நானும் எடை போடுகிறேன். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? இப்படி ஒரு வார்த்தையை என் காதில் போட்டுவிட்டுப் போனதற்குத்தான் எனக்கு அவர் மேல் தீராத கோபம்.

அவளையே கேட்டுப் பார்த்தேன். "நெஜமாவே பூனைக்குத்தான் போட்டியா?"

"இன்னாம்மா, இப்ப அதுவா முக்கியம்? வூடு வந்துச்சா இல்லியா?" என்று சிரித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

குழம்பு வைக்கிற நாளில் இப்போதும் ஒரு கிண்ணம் கொண்டுபோய் வைக்கிறேன். வீம்புக்குத்தான் வைக்கிறேன். சாயங்காலம் லெமன் வாசனையோடு திரும்பி வருகிறது. கல்மேட்டுப் பூனை கொழுத்துத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வரிசையில் எந்தப் பூனை இளைத்திருக்கிறது?

நான் மறதிக்காரி என்று முதலிலேயே சொன்னேன். ஆபீஸர் முதல்நாள் பேசியது நான் எழுதினபடிதானா என்று எனக்கு முன்னால் நின்றவளைக் கேளுங்கள். கூடத்தில் நான் போட்ட சத்தத்தை ஏலக்கார அக்காவிடம் சரிபாருங்கள், ஆனால் அவள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். படிப்பகத்துப் பிள்ளைகளே, வரிசையை இடிக்கிறதுக்குள் யாராவது ஒருநாள் எங்கள் வீட்டுப் பின்பக்கம் கல்மேட்டில் உட்கார்ந்து, அந்தக் கிண்ணத்துக் குழம்பு எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். பூனைக்கு என்றால் பூனைக்கு என்றே இதில் இருக்கட்டும். இல்லை என்றால் அந்த இடத்தைத் திருத்திவிட்டு, எனக்கு மட்டும் வந்து சொல்லுங்கள். ஆபீஸ் வரைக்கும் போக வேண்டாம்.